பயிற்சிக் குப்பிகள்

எனக்குச் சத்தம் பிடிக்காது. மற்றபடி யாரோடும் எனக்குத் தகராறு இல்லை.

இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. சென்ற வாரம் விசாரணைக் குழுவின் முன் நான் நாற்காலியிலிருந்து விழுந்ததை ‘நாடகம்’ என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் தெளித்து என்னை எழுப்பியபோது தலைகீழாகப் படித்தேன். அது நாடகம் இல்லை. தலைவர் அம்மா மேசை மணியை அடித்தார். நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் குடும்பமே அப்படி. அப்பா ஒருநாள் காலை அலாரம் அடித்ததும் எழுந்து உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். அதன் பின் எழவில்லை. சித்தப்பா தொலைபேசி மணி கேட்டு எழுந்து போனார். தொலைபேசி வரை போய்ச் சேரவில்லை. நமக்குப் பயந்த சுபாவம் என்று அக்கா சொல்வாள். அவள் வீட்டில் அழைப்பு மணி கிடையாது. போனால் கதவைச் சுரண்ட வேண்டும். பூனை என்று நினைத்துச் சில சமயம் திறக்க மாட்டாள்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

இந்த ஆய்வுக்கூடத்தில் நான் பதினொரு வருடமாகத் தொழில்நுட்ப உதவியாளர். இதயத் தசைச் செல்களை வளர்ப்பதும் அவற்றில் மின்சாரம் ஓடுவதைப் படம் பிடிப்பதும் என் வேலை. குழுவில் ஒருவர் நூலகர், ஒருவர் விடுதிக் காப்பாளர் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஒருவர் கையிலிருந்து ரத்தம் எடுக்கிறோம். அதிலுள்ள செல்களுக்குச் சில மருந்துகள் கொடுத்து, தாங்கள் ரத்தம் என்பதை மறக்க வைக்கிறோம். பிறகு வேறு மருந்துகள் கொடுத்து, நீங்கள் இதயம் என்று நம்ப வைக்கிறோம். மாதக் கணக்கில் ஆகும். ஒருநாள் காலை கண்ணாடித் தட்டின் அடியில் அவை துடிக்கத் தொடங்கும். சட்டைப் பொத்தான் அளவுதான். யார் ரத்தமோ அவர் இதயம்.

அந்தச் செல்களின் தோலில் ஒரு சாயம் ஏற்றுவோம். மின்சாரம் கடக்கும்போது சாயத்தின் ஒளி ஒரு துளி குறையும். கண்ணுக்குத் தெரியாது. நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கும் கேமராவுக்குத் தெரியும். கணினி அதற்கு வண்ணம் தீட்டிக் கொடுக்கும். தட்டின் ஒரு ஓரத்தில் சிவப்பாகக் கிளம்பும் அலை மறு ஓரத்தில் நீலமாகப் போய் அடங்கும். இருட்டறையில் அதைப் பார்த்த யாரும் உடனே பேசியதில்லை. நிறுவன இயக்குநர்கூட அரை நிமிடம் பேசவில்லை.

ஒரு சிக்கல் உண்டு. துடிக்கும் செல் படத்தைக் கலைத்துவிடும். அதற்காகத் தசையை மட்டும் கட்டிப்போடும் மருந்து ஒன்றைச் சேர்ப்போம். அதன் பிறகு மின்சாரம் வழக்கம்போல வரும், போகும். தசை அசையாது. உத்தரவு வந்துகொண்டே இருக்கும், ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். நம்ம நிர்வாக அலுவலகம் மாதிரி, என்பார் ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர். நான் சொல்லவில்லை, அவர் சொன்னது.

இன்னொன்று. ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் அந்தச் சாயமே செல்லைக் கொன்றுவிடும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் புதிய தட்டு வேண்டும். புதிய தட்டுக்காகவே குப்பிகளில் செல்களை உறையவைத்திருப்போம். குப்பிகள் திரவ நைட்ரஜன் தொட்டியில் இருக்கும். தொட்டியை வெள்ளிக்கிழமைதோறும் நிரப்ப வேண்டும். அது என் பொறுப்பு.

ஆறரை வருடத்துக்கு முன் இந்த முறையைக் கற்றுக்கொண்டிருந்தபோது, கை பழகுவதற்கு யாராவது ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. நான் கொடுத்தேன். அந்தக் குப்பிகளின் மேல் ‘பயிற்சி’ என்று எழுதினேன். அவற்றிலிருந்து வளர்த்த தட்டு சரியாக வரவில்லை. அலை கிளம்பியது, பரவியது, ஆனால் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் இழுத்துக்கொண்டே போனது. பேராசிரியர் பார்த்துவிட்டு, “இன்னும் கை பழகலை, தம்பி. செல்லு கோணலா வந்திருக்கு. கொட்டிடு” என்றார்.

தட்டைக் கொட்டினேன். மீதமிருந்த குப்பிகளைக் கொட்டவில்லை. என்னை நானே கை கழுவும் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட மனம் வரவில்லை. நைட்ரஜன் தொட்டியின் அடித்தட்டில் வைத்தேன். இடம் காலியாகத்தான் இருந்தது.

அடுத்து பேராசிரியர் தன் ரத்தத்தையே கொடுத்தார். இதயத்தைப் பற்றி முப்பது வருடம் பேசியவருக்குத் தன் இதயத்தைப் பார்க்க ஆசை. அதில் தவறில்லை. குப்பிகளை உறையவைத்து மேல்தட்டில் அடுக்கினேன். இயக்குநர் வரும் நாளில் முதல் படம் எடுப்பதாகத் திட்டம்.

நைட்ரஜன் நிரப்பியதற்கு ஒரு தாள் உண்டு. வெள்ளிக்கு ஒரு கட்டம். நிரப்பியதும் டிக் போட வேண்டும். நான் மாதத்தின் முதல் நாளே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடுவேன். சோம்பேறித்தனம் இல்லை. மறந்துவிடக் கூடாதே என்றுதான்.

அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நிரப்பினோமா என்று சந்தேகம் வந்தது. தாளைப் பார்த்தேன். டிக் இருந்தது. என் கையெழுத்துதான். நம்பிவிட்டேன். அடுத்த வெள்ளியும் பார்த்தேன். அப்போதும் டிக் இருந்தது.

நைட்ரஜன் குறைந்தால் கத்துவதற்குத் தொட்டியில் ஓர் அபாய மணி உண்டு. அதன் ஒயரை நான் முன்பே கழற்றியிருந்தேன். காரணம் முதல் வரியில் இருக்கிறது.

மூடியைத் திறந்தபோது அடியில் நான்கு விரல் அளவுக்குத்தான் நைட்ரஜன் இருந்தது. மேல்தட்டில் பேராசிரியர் முழுவதுமாக உருகிப் போயிருந்தார். அடித்தட்டில் நான் நலமாக இருந்தேன்.

இயக்குநர் வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்துத் தொடங்கினால் மாதங்கள் ஆகும். அதைவிட, தாளைப் பற்றிப் பேச்சு வரும். பேராசிரியர் அந்த வாரம் இரண்டு முறை என் தோளைத் தட்டி, “என் இதயம் எப்படி இருக்கு, தம்பி?” என்று கேட்டிருந்தார். ஒரு மனிதரின் சந்தோஷத்தைக் கெடுக்கும் உரிமை எனக்கு உண்டா என்று யோசித்தேன். இல்லை என்று தோன்றியது. என் குப்பி ஒன்றை உருக்கினேன். வளர்த்தேன். பெருக்கி, புதிய குப்பிகளில் உறையவைத்து அவர் பெயரை எழுதினேன். அவர் பெயர் நீளமானது. கை வலித்தது.

இயக்குநர் வந்தார். இருட்டறையில் நான்கு பேர் நின்றோம். அலை சிவப்பாகக் கிளம்பியது, பரவியது, அடங்க மறுத்து இழுத்துக்கொண்டே போனது. இயக்குநர் அருமை என்றார். விளக்கைப் போட்டபோது பேராசிரியரின் இடது கை மார்பில் இருந்தது.

கை பழகாதபோது அலை இப்படி வந்தது. இப்போது கை பழகிவிட்டது. ஆகவே கோளாறு கையில் இல்லை, நெஞ்சில் என்று அவர் முடிவு செய்தார். எனக்குத் தெரியும், கோளாறு குப்பியில். அவை கை பழகாத காலத்தில் செய்த செல்கள், கோணலாக வந்தவை. அவரே சொன்னதுதான். இதை நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். கோணல் செல்களைப் பார்த்து ஒருவர் கவலைப்பட்டால் அது வெறும் கவலைதான். கவலையால் யாருக்கும் உடம்பில் காயம் வருவதில்லை.

பேராசிரியரின் மைத்துனர் இதய டாக்டர். அவரிடம் போனார். ஈசிஜி, ஸ்கேன், நடைப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். மறுநாள் மைத்துனர் ஆய்வுக்கூடத்துக்கே வந்தார்.

“அத்தான், உங்க ஈசிஜிய மாணவர்களுக்குப் பாடம் எடுக்கலாம். அவ்வளவு சுத்தம்.”

“நீ தெருவுல நின்னு வீட்டுக்குள்ள என்ன சத்தம்னு கேக்கற, மாப்பிள்ளை. நான் வீட்டுக்குள்ளயே கேமரா வெச்சிருக்கேன்.”

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் சொட்டு விடும் பிப்பெட்டைத் துடைத்தேன்.

அந்த அலையின் படத்தைப் பேராசிரியர் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டார். வீட்டு வரவேற்பறையில் மாட்டினார். அங்கே இருந்த கல்யாணப் படம் மாடிப்படிக்குப் போனது. அவர் மனைவி இரண்டு நாள் பேசவில்லை என்று கேள்வி. விருந்தினர் வந்தால் சுவரைக் காட்டி, “இவர் நெஞ்சு” என்பாராம். ஆறு வருடம் நான் அந்தச் சுவரில் தொங்கினேன். சட்டம் தேக்கு மரம்.

பிறகு பேராசிரியர் தான் உண்ணுவது, குடிப்பது ஒவ்வொன்றையும் தட்டிடம் கேட்டுவிட்டே செய்தார். முதலில் காப்பி. தட்டில் ஒரு துளி விட்டோம். அலை தடுமாறியது. அன்றோடு காப்பியை விட்டார். இருபத்தெட்டு வருடப் பழக்கம். ஒரு மாதம் தலைவலியோடு நடமாடினார், எல்லோரிடமும் எரிந்து விழுந்தார். நான் நாளைக்கு நான்கு குடிக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை. கொஞ்சம் படபடப்பு வரும். அது யாருக்குத்தான் வராது?

ஜலதோஷ மாத்திரையைக் கரைத்து விட்டோம். அலை இன்னும் நீண்டது. அதன் பிறகு ஜலதோஷம் வந்தால் வாரக் கணக்கில் மூக்கைச் சிந்திக்கொண்டே வகுப்பெடுத்தார். நான் அதே மாத்திரையைத்தான் போடுவேன். போட்டால் படிக்கட்டில் ஒருமுறை கண் இருட்டும். மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பிறகு, மனிதன் திடுக்கிடும்போது உடம்பில் சுரக்குமே ஒரு திரவம், அதை விட்டோம். அலை உடைந்தது. உடைந்த முனை தன்னைத்தானே துரத்திக்கொண்டு சுழலத் தொடங்கியது. சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று விழுங்கின. நிற்கவே இல்லை. தசையைக் கட்டிப்போடாமல் இருந்திருந்தால் வெறும் நடுக்கமாக இருந்திருக்கும். உண்மையான நெஞ்சில் அப்படி வந்தால் ஐந்து நிமிடம்தான் என்றார் பேராசிரியர். எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அவர் வீட்டு அழைப்பு மணியைக் கழற்றினார்கள். கடிகாரம், குக்கர் விசில், கைப்பேசி எல்லாம் அடங்கின. குக்கர் இல்லாமல் சமைக்க அவர் மனைவிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. எனக்கு அந்த வீடு மிகவும் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருவேன். உலகத்திலேயே நிம்மதியான வீடு அதுதான்.

அவர் மேசைப் பந்தாட்டத்தையும் விட்டார். பதினான்கு வருடம் நிறுவனத்தின் கோப்பையை வென்றவர். இறுதிச் சுற்றில் அவரிடம் ஐந்து வருடம் தொடர்ந்து தோற்றவன் நான். அந்த வருடம் கோப்பை எனக்கு வந்தது. இதை நான் திட்டமிடவில்லை. வந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, பெயர் பொறித்துவிட்டார்கள்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது பரம்பரையாக வரும் கோளாறு என்பதால் பேராசிரியர் மகளின் நீச்சலை நிறுத்தினார். அவள் நீச்சல் பயிற்சியாளர். அதுதான் அவள் வேலை, அதுதான் அவள் உயிர். அவளுடைய ஈசிஜியும் சுத்தமாகத்தான் இருந்தது. தட்டைவிட ஈசிஜியை நம்பும் வீடு இல்லை அது. வேலையை விட்டுவிட்டு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தாள்.

ஒருநாள் மதியம் அவள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். பேராசிரியர் வகுப்பில் இருந்தார்.

“அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? அப்பாகிட்ட சொல்லாதீங்க.”

“கேளும்மா.”

“இந்தத் தட்டு தப்பா இருக்க வாய்ப்பே இல்லையா? ஒரே ஒரு வாய்ப்பு இருந்தாலும் சொல்லுங்க. நான் நாளைக்கே தண்ணியில இறங்கிடுவேன்.”

சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. கிளம்பியது. வார்த்தை தொண்டை வரை வந்ததை உணர்ந்தேன். அசைவுதான் இல்லை. எங்கள் மருந்தை யாரோ எனக்குக் கொடுத்துவிட்டதுபோல இருந்தது.

“தட்டு பொய் சொல்லாதும்மா” என்றேன்.

அது உண்மை. தட்டு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

வரும்போது மேசை மேல் வைத்த தன் நீச்சல் கண்ணாடியை எடுத்துப் பைக்குள் போட்டாள். போகும்போது, “பரவாயில்லண்ணா, தலைமுடியாவது காயும்” என்றாள். நல்ல பெண்.

நாலே முக்கால் வருடம் இப்படிப் போனது. பிறகு பேராசிரியர் நெஞ்சுக்குள் கருவி வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தார். தோளெலும்பின் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து இதயத்துக்குள் ஒரு ஒயர். இதயம் தடுமாறினால் பெட்டி ஓர் அதிர்ச்சி கொடுத்து நேராக்கும். மைத்துனர் மூன்று முறை மறுத்தார். நான்காவது முறை தன் மனைவியை, அதாவது மைத்துனரின் அக்காவை, விட்டுப் பேசச் சொன்னார் பேராசிரியர். “உன் அத்தானுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்ன நான் மன்னிக்க மாட்டேன்” என்று அக்கா அழுதார். மைத்துனர், எழுதிக் கொடுங்கள், வைக்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்த தாளோடு இணைத்த படம் நான் எடுத்தது. படத்தில் இருப்பதும் நான்தான்.

அறுவைச் சிகிச்சை அன்று மருத்துவமனையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். தர்மாஸ் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி இறங்கினேன். சக்கரப் படுக்கையில் பேராசிரியரைக் கொண்டுபோகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் கிளம்பியது. அப்போதும் அசையவில்லை. தோலைக் கீறி, ரத்தக் குழாய் வழியாக ஆரோக்கியமான ஓர் இதயத்துக்குள் ஒயரை இறக்கினார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. நடைபாதையில் அவர் மனைவி என்னிடம், “நீ மட்டும் அந்தத் தட்டைக் கண்ணுங்கருத்துமா பாத்துக்கலைன்னா இந்த மனுஷன் என்ன ஆயிருப்பாரோ” என்றார். அந்த நேரத்தில் அதை மறுப்பது மரியாதை இல்லை.

நன்றிக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அவர்கள் வீட்டில் பயன்படாமல் கிடந்த அலாரம் கடிகாரம். பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பதினான்கு மாதம் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு அந்தக் கருத்தரங்கு. மேடையில் பேராசிரியர் அலையைத் திரையில் போட்டு, கையைத் தூக்கிச் சுட்டிக்காட்டினார். கருவி அதிர்ச்சி கொடுத்தது. குதிரை உதைத்ததுபோல இருந்ததாம். மேசையோடு சாய்ந்தார். எழுந்தார். மைக்கைத் தேடி எடுத்து, “பார்த்தீர்களா” என்றார். முந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் வெளியே போய்விட்டேன். கைதட்டலும் சத்தம்தான்.

அந்தக் கருவி நடந்ததையெல்லாம் பதிந்து வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. மைத்துனர் அதைப் படித்தார். பதினான்கு மாதத்தில் அந்த இதயம் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அதன் ஒயர் தளர்ந்திருந்தது. கையைத் தூக்கியதும் ஒயர் உரசியது. உரசலை இதயத்தின் தடுமாற்றம் என்று கருவி நினைத்துவிட்டது. கருவியும் என்னைப் போலத்தான், நல்ல எண்ணத்தில் செய்தது.

மைத்துனர் யாரிடமும் சொல்லாமல் ஒரு குப்பியை எடுத்துப் போய் மரபணுப் பரிசோதனைக்குக் கொடுத்தார். ஒரு திங்கட்கிழமை தாளோடு வந்தார்.

“இது உங்க செல் இல்ல, அத்தான்.”

பேராசிரியர் தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். வெகுநேரம் கழித்து, “அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டார். ஏமாற்றம் தெரிந்தது. ஆறு வருடம் அபூர்வமான இதயத்தோடு வாழ்ந்தவரிடம், உங்களுடையது சாதாரண இதயம் என்றால் கஷ்டமாகத்தான் இருக்கும். என்னிடம் காப்பி கேட்டார். கொடுத்தேன். இன்னொன்று கேட்டார். இரண்டாவது கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு, “ஆறு வருஷம் நான் யார் நெஞ்சப் பாத்துட்டு இருந்தேன், தம்பி?” என்றார்.

நான் பாதிக் கோப்பையைக் கழுவ எடுத்துப் போனேன்.

மகள் அன்று மாலையே குளத்துக்குப் போய்விட்டாளாம். இருட்டும்வரை வெளியே வரவில்லையாம். காவலாளி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் எதிர்பாராதது மைத்துனரின் கோபம். சிரித்துப் பேசுகிறவர். அன்று எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். “யாரோட செல்லா இருந்தாலும் சரி, அந்த ஆள முதல்ல கண்டுபிடிங்க. இன்னைக்கே கண்டுபிடிக்கணும். ஒரு நாள் தள்ளக் கூடாது” என்றார். தண்டனை கொடுப்பதில் இவ்வளவு அவசரம் காட்டுவார் என்று நினைக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார், உங்கள் வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று. என்னிடமும் கேட்டார். இல்லை என்றேன். அப்பாவுக்கு நாற்பத்தொன்று. அது சின்ன வயது இல்லை. சித்தப்பாவுக்கு முப்பத்தெட்டுதான், ஆனால் அப்போதே முழுவதும் நரைத்திருந்தார். எனக்கு வரும் மாதம் நாற்பத்தொன்று முடிகிறது. என்னைக் கேட்டால் சின்ன வயதுதான். ஆனால் நான் இறக்கவில்லையே.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தச் செல்கள் யாருடையவை? என்னுடையவை. உருகவிட்டது நான். மாற்றியது நான். பேராசிரியரின் பெயரை எழுதியது நான். காப்பி, பந்தாட்டம், நீச்சல், நெஞ்சைக் கீறியது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

ஏன் என்று தலைவர் அம்மா இரண்டு முறை கேட்டார். டிக் போட்ட தாளுக்குப் பயந்து என்று எழுதிக்கொள்ளலாம். அது முதல் பன்னிரண்டு நாளுக்குச் சரி. அதன் பிறகு காரணம் வேறு. தினமும் காலை எட்டரைக்கு ஒரு பெரிய மனிதர் இருட்டறைக்கு வந்து என் இதயத்தைப் பார்த்தார். நேற்றைவிட எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதற்காகக் காப்பியை விட்டார். அதற்காகக் கவலைப்பட்டார். வீட்டில் நல்ல இடத்தில் மாட்டிவைத்தார். எனக்கு இதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். மைத்துனர் நேற்று என் அக்கா வீடு வரை போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். நல்லவேளை, அக்கா குளியலறையில் இருந்தாள். அந்தச் செல்களுக்கு உரியவன் உடனே மருத்துவமனையில் சேர வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கதவிடுக்கில் போட்டிருக்கிறார். செல்கள் கோணலாக வந்தது கை பழகாததால். பேராசிரியரே சொன்னார். அவரைவிட இந்த விஷயம் தெரிந்தவர் இல்லை. என் நெஞ்சை எனக்குத் தெரியாதா? பதினொரு வருடம் இதே வேலைதானே செய்கிறேன்.

எழுதி முடித்ததும் கதவருகே சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும் என்றீர்கள். என் தலைக்கு மேலேயே மணி இருக்கிறது. பழைய பள்ளிக்கூட மணி, மூன்றாவது மாடி வரை கேட்கும் என்று வாசலில் இருந்த காவலாளி பெருமையாகச் சொன்னார். கதவு வெளியே தாழிட்டிருக்கிறது, சுரண்டிப் பார்த்தேன். அவருக்குக் கேட்கவில்லை.

பரவாயில்லை. அன்று நடந்தது நாடகமும் இல்லை, நோயும் இல்லை என்று காட்ட இது நல்ல வாய்ப்பு. தலைவர் அம்மா அடித்த மணியை நான் எதிர்பார்க்கவில்லை. இதை நானேதான் அழுத்தப் போகிறேன்.